மார்பை முதலில் கேட்டேன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நம் சபையில் ஒருமுறை எழுந்து நின்று நான் பொய் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அதைக் கேட்டுத் துதித்தீர்கள். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டு என் இடது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்துவிட்டார்கள்.

முதுகுச் சதையை வைத்துப் புது மார்பு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகப் பேசுவார். "முதல்ல கரண்ட் பிடிக்க வேணும் அம்மா. அது முடிஞ்சு தோல் ஆற ஒரு வருஷமாவது எடுக்கும். பிறகு செய்வம்" என்றார். கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் கரண்ட் என்போம்.

ஒரு வருஷம் என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. சித்திரையில் மூத்த மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன் ஒரு பக்கம் தட்டையாக எப்படி நிற்பது? ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்தேன். குனிந்து குழந்தையைத் தூக்கினால் அது நழுவும். பெண்கள் எல்லோரும் சேர்ந்து குளிக்கும் பீலித் தண்ணீருக்குப் போவதை நிறுத்தினேன். கணவர் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கல்யாணத்துக்கு முன் மார்பைத் தாரும் ஆண்டவரே" என்று தினமும் மன்றாடினேன்.

கரண்ட் பிடிக்காவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை என்று நானே முடிவு செய்தேன். ஐந்து நாள் பிடித்தேன். ஆறாம் நாள் பையை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். கர்த்தர் சுகம் தந்துவிட்டார், இனிக் கரண்ட் வேண்டாமென்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று வீட்டில் சொன்னேன். கணவர் அழுதார். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பத்து நாள் கழித்து லெட்சுமி மடுவத்துக்கு வந்தாள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரி. மாரியம்மனைக் கும்பிடுகிறவள். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். நெல்லிக்காய் அளவில் கட்டி இருந்தது.

"அக்கா, போன மாசம் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு குடுத்தாங்க. ஒங்க சாமி ஒங்களச் சொகமாக்கிருச்சுன்னு கேட்டதும் போகாம இருந்துட்டேன். எனக்கும் சொல்லிக் கும்பிடுங்க."

என் வாயில் ஜெபம் வரவில்லை. அவள் பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"லெட்சுமி, நான் சொன்னது பொய்" என்றேன். துணியை எடுத்துப் போட்டுவிட்டுத் தழும்பைக் காட்டினேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மடுவத்துத் தரையில் முழங்காலிட்டேன். அன்றுதான் மார்பைக் கேட்காமல் ஜெபித்தேன். என் பொய்யால் இவள் சாகக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை அவள் பையோடு என் வாசலில் நின்றாள். "கொழும்புல எனக்கு வழி தெரியாது. நீங்களும் வாங்கக்கா."

கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார்.

டாக்டர் ஏசவில்லை. "மார்பை ரெண்டு வருஷம் கழிச்சும் வைக்கலாம் அம்மா. கரண்டைத் தள்ளிப்போட ஏலாது" என்றார். விட்ட கரண்டை மறுபடி பிடித்து முடித்தேன். லெட்சுமிக்கும் புற்றுநோய்தான், ஆனால் வேறெங்கும் பரவியிருக்கவில்லை. அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணத்தில் தட்டையாகவே நின்றேன். சம்பந்தியம்மா பார்த்தார். என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

2006இல் புது மார்பு வைத்தார்கள். சற்று மேலேறி இருக்கிறது, தொட்டால் உணர்ச்சி இல்லை. லெட்சுமிக்கும் மார்பை எடுத்திருந்தார்கள், ஆனால் புது மார்பு தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். இப்போதும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் கூசிப் போகிறேன், பிறகு ஸ்தோத்திரம் சொல்கிறேன். அவளிடம் சொன்ன உண்மையை உங்களிடம் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. மன்னியுங்கள்.

சகோதரிகளே, கட்டி இருந்தால் மறைக்காதீர்கள். ஜெபியுங்கள், மருந்தையும் விடாதீர்கள். நம் உடம்பைப் பார்த்துக் கர்த்தர் முகம் சுளிப்பதில்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் மடுவத்துக்கு வந்து சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.