எதிர்வீட்டு அரசாணிக்காய்

சரவணம்பட்டியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒல்லியான ஆள். தலையில் எப்போதும் ஒரு துண்டு. வெயில் ஏறியதும் அதை அவிழ்த்துத் தன் அரசாணிக்காய்க்குப் போர்த்திவிட்டு, வெறுந்தலையோடு நிற்பார்.

கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே கட்டில் அகல மண்ணில் ஒரே பரங்கிக் கொடி; எங்கள் பக்கம் அரசாணி என்போம். மற்ற பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிவிட்டு ஒரு காயை மட்டும் வளர்த்தார். அது ஆட்டுக்கல்லைவிடப் பெரிதானது. அரிசி கழுவிய தண்ணீரை வீதியே கொண்டுபோய் ஊற்றியது.

அறுத்ததும் வீட்டுக்கு வீடு பங்கு கொடுத்தார். நாங்கள் பொரியல் செய்தோம். வெறும் தண்ணீரும் நாரும். வாயில் வைக்க முடியாமல் கொட்டிவிட்டோம்.

மறுநாள் வந்து கேட்டார்: "காய் எப்படி இருந்துச்சுங்க?"

"அருமையா இருந்துச்சுங்க," என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "எங்க ஊட்லயும் அதைக் கொட்டத்தானுங்க செஞ்சோம்."

பிறகு பையிலிருந்து, சந்தையில் வாங்கிய அரசாணிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இதையாச்சும் சாப்புடுங்க."

அப்படியே அடுத்த வீட்டுக்கும் போனார். எனக்கு முகம் கூசியது.

சந்தைக் காய் வெல்லமாக இனித்தது. மாலையில் அவர் கேட்டில் நின்று, "இது பரவால்லைங்களா?" என்றார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ன இருந்தாலும் உங்க காய் மாதிரி வருமுங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டார்.