பெட்டியைச் சுற்றி நின்ற ரொசேர்

ரொசேர் மீன்காரி. பார்சிலோனாவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர்ச் சந்தையில் அவள் கத்துகிற கத்தலில், வாங்க நினைக்காதவனும் மத்தி வாங்கிவிடுவான்.

திருவிழாவில் ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டுவார்கள். உச்சியில் கையசைப்பவரைத்தான் ஊரே படம் பிடிக்கும். ரொசேர் ஒருநாளும் ஏறியதில்லை. அடியில் நெருக்கும் கூட்டத்தில், சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு, முன்னே நிற்பவர் முதுகில் நெஞ்சை அழுத்தி நிற்பாள். வயது ஐம்பதைத் தாண்டியும் அதே இடம்தான்.

புருஷன் ஃபெர்மின் தெற்கே ஆண்டலூசியாவிலிருந்து பிழைக்க வந்தவன். தங்கள் கட்டலோனியா ஸ்பெயினை விட்டுப் பிரிந்து தனிநாடு ஆகணும் என்பாள் இவள். "பைத்தியமாடி உனக்கு?" என்பான் அவன்.

பிரிவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்புக்கு மாட்ரிட் அரசு தடை போட்டதும் சண்டை முற்றியது.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஓட்டுப் போடுறது கொலைக்குத்தமாய்யா? நீயும் வந்து வேண்டாம்னு போடேன். யாரு கையப் பிடிச்சா?"

அவன் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்தான்.

ஞாயிறு காலை, மழை. பள்ளிக்கூடக் கூடத்து மேசையில் ஓட்டுப்பெட்டி. அதைத் தூக்கிப்போக வெளியூர்ப் போலீஸ் கதவை உடைத்து நுழைந்தது. ரொசேரும் கோபுரம் கட்டுகிறவர்களும் கைகோத்து அவர்களை எதிர்த்து நிற்பதாகத்தான் பேச்சு. ஆனால் கோபுரக் குழுத் தலைவர் கிம், பதற்றத்தில், திருவிழாவில் கத்துகிற கட்டளையையே கத்திவிட்டார்.

"நெருங்கு! நெஞ்சைக் கொடு!"

அவ்வளவுதான். பழகிய உடம்புகள் பெட்டியைப் பார்த்துத் திரும்பி இறுகிக்கொண்டன. தடியோடு வந்தவர்களுக்கு முதுகைக் கொடுத்த கூத்தை வேறெங்கே பார்க்க முடியும்! ஆனாலும் அந்த நெருக்கம் வெளியிலிருந்து தள்ளத் தள்ள இறுகும். போலீஸ் தள்ளியது. இறுகியது. அடித்தது. ரொசேரின் தோளில் தீப்பட்டாற்போல் எரிந்தது. காலரைக் கடித்தபடி, "அடிடா, அடி, எத்தனை அடிப்ப?" என்று உறுமினாள்.

பின்னால் நின்ற கிம்மைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். முதுகு சில்லென்றது. இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைவார்கள் என்று தெரிந்துபோயிற்று. அதற்குள் யாரோ வந்து அவள்மேல் மோதி ஒட்டினார்கள். பழக்கமே இல்லாத ஆள். கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"கையை மேல தூக்கு, மடப்பயலே!"

"தூக்கிட்டேன் தாயே, கத்தாத."

ஃபெர்மின்! அடுத்த அடி அவன் முதுகில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் அசையவில்லை.

கடைசியில் போலீஸ் வெறுங்கையோடு வண்டி ஏறியது.

கூட்டம் தளர்ந்ததும் ஃபெர்மின் வாய் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டுச்சீட்டு வாங்கினான். எல்லோரும் பார்க்க, 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டு அவளிடம் நீட்டிக் காட்டினான்.

"இப்பவும் இதான். பெட்டி இல்லாட்டி இதை எதுல போடுறது?"

ரொசேருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வீங்கிய தோளோடு நகர்ந்து வழிவிட்டாள்.

"போடுய்யா. எவன் தடுக்குறான்னு பாக்குறேன்."