வேலியில் ஒரு பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பரமேஸ் அக்கா என்னை "விசரன்", அதாவது பைத்தியக்காரன், என்று திட்டினார். அதுவும் நிலத்துக்குக் கீழே, ஆறடி ஆழத்தில் வைத்து. என் மனைவிக்கு முன்னால். என் மூன்றரை வயது மகளுக்கு முன்னால்.

எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு கிழமையாக அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள்... திட்டாவது கிடைத்ததே என்று இருந்தது!

முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணப் பட்டணமான ரவுணை விட்டுச் சண்டிலிப்பாய்க் கிராமத்துக்கு வந்த கதை, இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். கோட்டைப் பக்கமிருந்து இராணுவம் அடிக்கும் ஷெல் எங்கள் தெருவுக்கும் வரத் தொடங்கியதும், ஒரு உழவு மெஷின் பெட்டியில் அலுமாரி, கட்டில், நாலு கதிரை, மகள் அபியின் மூன்று சில்லுச் சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அதை எழுதியபோது ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார் — "சின்னப் பிள்ளையோடு தோட்டக் காணிக்குள் போயிருக்கிறீர்களே, அங்கே பாம்பு இல்லையா?"

பாம்பு இருக்கிறது ஐயா. ஆனால் அது இரைந்துகொண்டு மேலேயிருந்து வருவதில்லை.

ரவுண் வீட்டில் எங்களுக்கு மதில் இருந்தது. ஆளுயர மதில், அதற்கு மேலே முள்ளுக்கம்பி. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் ஐந்து வருடமாக எனக்குத் தெரியாது. அவருடைய ரேடியோவை மட்டும் தெரியும். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் கௌரவமாக வாழ்ந்தோம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டிலிப்பாயில் மதில் இல்லை. தென்னோலை பின்னிய கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பரமேஸ் அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஜெர்மனியில். புகையிலைத் தோட்டம், வெங்காயம், இரண்டு ஆடு, ஒரு மாடு — எல்லாம் இவர் தனி ஆளாக. குரல் இருக்கிறதே... மைக் தேவையில்லை. நாங்கள் வந்திறங்கிய அன்றே வேலிக்கு மேலாலே விசாரணை தொடங்கிவிட்டது. ஊர் எது, உத்தியோகம் என்ன, பிள்ளை ஏன் இப்படி மெலிந்திருக்கிறது? மத்தியானமானால் மணம் பிடித்துவிடுவார். "என்ன சாந்தி, இண்டைக்கும் பருப்போ?" என்று என் மனைவியைக் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார். பத்து நிமிடத்தில் ஒரு சட்டி கத்தரிக்காய்க் குழம்பு வந்து சேரும்.

எந்த வழியாக? அங்கேதான் விஷயம்.

வேலியின் மூலையில், வேலித் தடியாக நட்ட இரண்டு பூவரசங் கதியால்களுக்கு நடுவே, ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்குக் கிடுகு கட்டாமல் விட்டிருந்தது. வேலியிலுள்ள இந்த மாதிரித் துவாரத்தைத்தான் நம் ஊரில் பொட்டு என்கிறோம். குழம்பு, கறிவேப்பிலை, அடுப்புக்கு நெருப்பு, ஊர்ப் புதினம் எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. அபி அதற்குக் "குட்டிக் கதவு" என்று பெயர் வைத்தாள். விடிந்தால் குட்டிக் கதவால் போய் ஆட்டுக்குட்டிக்குக் குழை கொடுத்துவிட்டுத்தான் அவளுக்குப் பல் தீட்டுவதே.

பொட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் வளவில் இரண்டடி வெட்டினால் கல். குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர் வெட்ட முடியாது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் பரமேஸ் அக்காவோடு சேர்ந்து அவருடைய வளவில், பொட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பங்கர் வெட்டியிருந்தார்கள். வாடகை பேசி வீட்டுத் திறப்புத் தந்த மனிதர் இதையெல்லாம் சொன்னார். "பங்கர் பக்கத்து வளவுக்கை. பொட்டாலை போறதுதான்," என்றார். நான் தலையாட்டினேன். நாமென்ன, கேட்டதையெல்லாமா மண்டையில் வைத்திருக்கிறோம்?

ஒரு பின்னேரம் அபியைக் காணவில்லை. பொட்டால் குனிந்து போய்ப் பார்த்தேன். பரமேஸ் அக்காவின் தோட்டக் கிணற்றடியில் நின்றாள். துலாக் கிணறு. நிலமட்டத்தில் அப்படியே வாயைத் திறந்தபடி கிடக்கிறது. சுற்றிக் கட்டு இல்லை. அதன் விளிம்பில் நின்று, ஒவ்வொரு கல்லாக உள்ளே போட்டு, "ப்ளக்" என்ற சத்தத்துக்குக் கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள் என் பிள்ளை.

கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் வழுக்குவாள் என்று பயந்து, சத்தமில்லாமல் போய்ப் பின்னாலிருந்து அள்ளித் தூக்கினேன்.

அடுத்த நாளே மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிளை விட்டு ஒரு கட்டுக் கிடுகு வாங்கி வந்தேன். பொட்டை அடைத்தேன். கிடுகைப் பிய்த்துவிடுவாளோ என்று சந்தேகம் வர, உள்ளே குறுக்கும் மறுக்குமாக முள்ளுக்கம்பியும் கட்டினேன். ரவுண் வீட்டு மதிலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அதே கம்பி.

"அவவிட்டை ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செய்யுங்கோவன்," என்றாள் சாந்தி.

"எங்கடை வேலியை அடைக்க ஆரிட்டைக் கேக்கோணும்? உறுதியிலை தெற்கு வேலி எங்கடை பக்கத்துக்கு எண்டு வடிவா எழுதிக் கிடக்கு," என்றேன். வாடகைக்கு வந்து மூன்று மாதம். வீட்டுக்காரர் அலுமாரியில் விட்டுப்போன காணி உறுதிப் பத்திரம் எனக்கு மனப்பாடம்!

இதிலே இன்னொரு பிழையும் விட்டேன். நம் பக்கத்தில் யாரும் தனியாக வேலி அடைப்பதில்லை. குத்தூசி என்று ஒரு நீளமான மர ஊசி. கயிறு கோர்த்து இந்தப் பக்கமிருந்து குத்தினால், அந்தப் பக்கம் நிற்பவர் வாங்கி, தடியைச் சுற்றி, திருப்பிக் குத்தவேண்டும். முழு நாளும் முகம் தெரியாமல் கதைத்துக்கொண்டே கட்டுவார்கள். நானோ குறடும் கம்பியுமாக இந்தப் பக்கத்தில் நின்றே முடித்துவிட்டேன். என்ன கெட்டித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பரமேஸ் அக்காவின் குரல் அன்றோடு நின்றது.

பருப்பு விசாரணை இல்லை. குழம்பு இல்லை. அதற்குப் பதிலாக, மூன்றாம் நாள் பின்னேரம் முதல் வேறொரு சத்தம். அலவாங்கு என்கிற கடப்பாரையால் நிலத்தைக் குத்துகிற சத்தம். டங்... டங்... தினமும் தோட்ட வேலை முடிந்து இருட்டும்வரை.

எனக்கு விளங்கிவிட்டது. வேலிச் சண்டையாலேயே மாடி வீடு கட்டிய அப்புக்காத்துமார், அதுதான் வக்கீல்மார், வாழ்ந்த மண் அல்லவா இது? "பார்த்தீரோ, எல்லைக்குக் கதியால் போடுறா. நாளைக்கு ஊர் விதானையாரைக் கூட்டிக்கொண்டு வருவா. இருந்து பாரும்," என்று சாந்திக்கு விளக்கினேன்.

"ஒருக்கா எட்டிப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோவன்," என்றாள்.

எட்டிப் பார்ப்பதா? நானா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். சோப்பு, சவர்க்காரம் எதுவும் கிடைக்காத காலம் என்பதால் பனம்பழக் களி போட்டு என் இன்னொரு சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பொம்மர் விமானம் இரையும் சத்தம் கேட்டது. தூரத்தில் என்று நினைத்தேன். தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. எத்தனையாவது வட்டத்தில் பதிந்து குண்டு போடும் என்று யாருக்குத் தெரியும்?

"பங்கர்! பங்கர்!" என்று சாந்தி கத்திக்கொண்டு பிள்ளையோடு வெளியே வந்தாள்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வாசல் படலையால் போனால் ஒழுங்கை, பிறகு ஒரு முடக்கு, பிறகு மற்ற ஒழுங்கை, பிறகு அக்காவின் படலை. வெட்டவெளியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம்...

அபி தாயின் கையிலிருந்து வழுகி இறங்கி ஓடினாள். நேராக வேலி மூலைக்கு. இரண்டு கையாலும் கிடுகில் அடித்தாள்.

"அப்பா, குட்டிக் கதவைக் காணேல்லை! அப்பா, குட்டிக் கதவு எங்கை?"

வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததும் இல்லை, அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு. "பிள்ளையைத் தூக்குங்கோ! தள்ளி நில்லுங்கோ!"

கத்தி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கிடுகு பறந்தது. பிறகு கத்தி கம்பியில் பட்டுக் கிணுங்கென்றது.

"ஆரடாப்பா இதுக்குள்ளை முள்ளுக்கம்பியைக் கொண்டுவந்து வைச்சது!"

அக்கா கத்தியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் கம்பியைப் பிடித்து இழுத்தார். நானும் இந்தப் பக்கமிருந்து தள்ளினேன். கம்பி விட்டுக்கொடுத்தது. அபி போனாள். சாந்தி போனாள். நான் போனேன் — பாதி. இடுப்போடு இறுகிவிட்டேன். அக்கா என் சட்டைக் கழுத்தைப் பிடித்து, கன்றை இழுப்பதுபோல் இழுத்து எடுத்தார். பங்கருக்குள் நாலு பேரும் விழுந்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

குண்டுச் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. மேலே கூரையாக அடுக்கிய பனங்குற்றிகளின் இடுக்கால் மண் கொட்டியது. அபி அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். என் மடியில் அல்ல, கவனியுங்கள்.

இரைச்சல் தேய்ந்து போனதும்தான் அந்த "விசரன்" வந்தது.

"விசரன்! பங்கருக்குப் போற வழியை ஆரும் முள்ளுக்கம்பி போட்டு அடைப்பினமோ?"

"பிழைதான் அக்கா... கிணத்துக்குப் பயந்துதான் அடைச்சனான்."

"அது எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"முதல் ரெண்டு நாள் எனக்குச் சரியான கோவம். பிறகு கிணத்தடியிலை பாத்தன், பிள்ளை கொண்டுவந்து அடுக்கின கல்லெல்லாம் விளிம்பிலை கிடக்கு. நெஞ்சு திக்கெண்டுது. நான் உந்தக் கிணத்தோடை பிறந்து வளந்தனான், எனக்கு அது கண்ணிலை படேல்லை. சரி, கிணத்தைச் சுத்தி அடைச்சு முடிச்சுப்போட்டு, பொட்டைத் திறவுங்கோ எண்டு சொல்லுவம் எண்டு இருந்தனான். இன்னும் ஒரு பக்கம் கிடக்கு."

"அப்ப ஏன் அக்கா கதைக்காமல் இருந்தனீங்கள்?"

"நீங்கள் கதைச்சனீங்களோ?"

இருட்டில் சாந்தி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் என்று பிறகு சொன்னாள்.

வெளியே வந்து பார்த்தேன். கிணற்றைச் சுற்றி மூன்று பக்கம் பனஞ்சலாகை வேலி, நெஞ்சளவு உயரத்துக்கு, விரல் நுழையாத நெருக்கமாக. உள்ளே போக ஒரு சிறு கதவு, என் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் அதற்கு ஒரு கொளுக்கி. என் "எல்லை வழக்கு" அதுதான்! பகல் முழுக்க வெங்காயத்துக்கு இறைத்துவிட்டு, ஒரு பெண் தனியாக அலவாங்கு பிடித்து, வழியை அடைத்தவனின் பிள்ளைக்காகப் போட்ட வேலி.

அக்காவின் உள்ளங்கையில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அப்போதுதான் அதைப் பார்த்தார். "சின்னக் காயம்," என்று சொல்லிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

எனக்கு இன்றுவரை ஆறாத வியப்பு ஒன்று இருக்கிறது. பொம்மர் இரைந்தபோது அவர் பங்கர் வாசலில் நின்றிருக்கிறார். நாலு படி இறங்கினால் போதும். யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. அடைத்தவன் நான், என் வேலி, என் உறுதி. அவரோ படியிறங்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டவெளியில் வேலிக்கு ஓடி வந்தார். நானாக இருந்தால் ஓடி வந்திருப்பேனா? உண்மையைச் சொன்னால்... தெரியாது.

குண்டு அன்று வேறொரு ஊரில் விழுந்தது. வேறு யாருடைய வளவிலோ. அதை நினைக்காமல் இதை வெறும் சிரிப்பாக எழுதி முடிக்க முடியாது.

இந்தப் புதன்கிழமை பின்னேரம் வேலியைத் திரும்பக் கட்டினோம். இம்முறை முறைப்படி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கையில் சீலைத்துணிக் கட்டோடு பரமேஸ் அக்கா, நடுவே போய்வருகிற குத்தூசி. "இழுங்கோ, இழுங்கோ... சோறு தின்னுறேல்லையோ?" என்று கிடுகுக்குள்ளால் திட்டு வந்துகொண்டேயிருந்தது. காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? கிணற்றின் நாலாவது பக்கத்தையும் அன்றே சேர்ந்து அடைத்தோம். முள்ளுக்கம்பி, ஆடு வராமல் வெங்காயப் பாத்திக்குப் போயிற்று.

மூலைக்கு வந்ததும் அக்கா வேலையை நிறுத்தி, கிடுகுக்கு மேலால் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பொட்டை இந்தமுறை கொஞ்சம் பெரிசா விடுவம். உங்கடை வயித்துக்குக் காணாது."

விட்டோம். அபி போய்ப் பார்த்தாள், வந்து பார்த்தாள், ஆட்டுக்குட்டியையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். மத்தியானக் குழம்பும் பழையபடி வரத் தொடங்கியிருக்கிறது.

காணி உறுதியை நான் இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். தெற்கு வேலி எங்கள் பக்கத்துக்குத்தான். பொட்டைப்பற்றி ஒரு வரிகூட இல்லை — இருந்திருந்தால் என்னைப் போல் ஒருவன் அதற்கும் உரிமை கேட்டிருப்பான்!