செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் மூன்று சுற்று

அந்த முழுப் பரீட்சை லீவில் அம்மா என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு செவிலிமேட்டில் இருந்த மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா மட்டும் பிள்ளையார்பாளையத்தில் தறியோடு தனியாக இருந்தார். ஏன் என்று கேட்டால், அவசரச் சேலை, முகூர்த்தத்துக்குள் நெய்து முடிக்க வேண்டும் என்பாள் அம்மா. மூன்று வாரமாகியும் அந்தச் சேலை முடியவில்லை. எனக்கு எட்டு வயது, நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரே ஒரு மாம்பழம் கொண்டுவந்தார். என் இரண்டு கைக்கும் அடங்காத பழம். எனக்குத்தான் என்று நானும் அண்ணனும் கட்டிப் புரண்டோம். மாமா அதை அலமாரி மேல் வைத்துவிட்டு, தீர்ப்புச் சொல்கிறவர்போல் லுங்கியை மடித்துக் கட்டினார்.

“உலகத்த யாரு மொதல்ல சுத்திக்கினு வர்றாங்களோ, அவங்களுக்குத்தான்.”

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் மாமரத்தைச் சுற்றிக் கும்பிடுகிற ஊரில் பிறந்தவளுக்கு மாம்பழக் கதை தெரியாதா? முருகன் மயிலேறி உலகம் சுற்றப் போனார். பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். அண்ணன் பாவம், மயில் கட்சி.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை மூன்று முறை சுற்றிவிட்டு மாமாவிடம் கை நீட்டினேன்.

“அம்மா சரி. அப்பா எங்க?” என்றார். “இது அரை உலகம்தான். செல்லாது.”

“கொழந்த கிட்ட இன்னா பேச்சுண்ணா இது?” என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கோ அந்தத் தீர்ப்பு நியாயமாகவே பட்டது. மீதி அரை உலகம் டவுன் பஸ் போகிற தூரத்தில்தானே இருக்கிறது?

பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரோ ஓர் அம்மாளின் முந்தானையைப் பிடித்தபடி நின்றேன். கண்டக்டர் என்னை அவருடைய பிள்ளை என்று நினைத்திருக்க வேண்டும். அந்த அம்மாளோ பக்கத்து சீட்காரியின் பிள்ளை என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்பா தறிக்குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். மறுபக்கம் சுவர்; சுற்ற வழியே இல்லை.

“எழுந்து வாப்பா. அம்மா பக்கத்துல வந்து நில்லு,” என்றேன்.

“யாரு கூட வந்த?”

“தனியாத்தான்.”

அப்பா தறிக்குழியிலிருந்து தாவி எழுந்தார். கைக்கு அகப்பட்ட சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, என்னை மொபெட்டில் ஏற்றினார்.

செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் அம்மா, போவோர் வருவோரிடமெல்லாம் என் உயரத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முதுகில் ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள்.

“பொண்ணப் பாத்துக்கத் தெரியல, கெளம்பி வந்துட்ட!” என்றார் அப்பா.

“மூணு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா நீ?”

“நீ கூப்ட்டியா?”

“கூப்ட்டாத்தான் வருவியா?”

இருவரும் ஒரு முழ இடைவெளியில் எதிரெதிரே நின்றார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நான் சுற்ற ஆரம்பித்தேன். முதல் சுற்றை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவதில் மொபெட் குறுக்கே நின்றதால் அதையும் சேர்த்துச் சுற்றினேன். மூன்றாவதில் பூக்காரம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டாள்.

“இன்னாமா இது? நீங்க சண்ட போட்டுக்கினு கீறீங்க, பொண்ணு சாமி மாதிரி சுத்துது!”

மூச்சு வாங்கியபடி மாம்பழ விவரத்தைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“சட்டையத் திருப்பிப் போட்டுக்கினு வந்துருக்க,” என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “வூட்டுக்குப் போலாமா?” என்றார்.

மாமா வீட்டில் அண்ணன் மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருக்கும் ஓரிக்கைவரை போய்த் திரும்பிவிட்டானாம். நான் தரையில் புரண்டு அழுதேன். அன்று மாலையே நாலு பேரும் ஒரே மொபெட்டில் பிள்ளையார்பாளையம் திரும்பினோம். என்னைச் சமாதானப்படுத்தத்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் மாமா அம்மாவின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். துணிகளை எடுத்து அடுக்கும்போது அடியில் இரண்டு காகிதங்கள் இருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்து டி.சி.; ஒன்றில் என் பெயர், ஒன்றில் அண்ணன் பெயர்.

“நான் ஃபெயிலாம்மா?” என்று பதறினேன்.

“பாஸ்தாண்டி,” என்றாள் அம்மா.

அப்பா அவற்றை வாங்கி வெகுநேரம் படித்தார். பாஸானதற்கு இவ்வளவு நேரம் படிப்பானேன் என்று நினைத்தபடி நான் விளையாடப் போய்விட்டேன்.