பொறுங்க அண்ணன்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடாப்டரைக் கண்ணருகே கொண்டுபோய், அதன் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளை உதடசையப் படிக்கிறார். லேப்டாப் ஆகட்டும், போன் ஆகட்டும், அவர் இருக்கும் இடத்தில் யாரும் சட்டென்று சார்ஜ் போட்டுவிட முடியாது. "பொறுங்க, எழுத்தப் பாத்துக்கறேன்" என்று குறுக்கே ஒரு கை நீளும். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குப் பெயரே 'பொறுங்க அண்ணன்'. கேலிதான். அவரும் சிரித்துவைப்பார்.

ஆறு மாடி உயரத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறவர். அங்கே அவருக்குக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்டால்தான் வியர்க்கிறது.

மகள் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய லேப்டாப் சார்ஜர் ஒரு நாள் செத்துப்போனது. புதிது வாங்கக் கிளம்பியவளை இவர்தான் தடுத்தார். "எதுக்கும்மா வெயில்ல அலையறே? நம்ம பையில இல்லாத அடாப்டரா?" லிஃப்ட் போர்டுக்குப் போடுவதை எடுத்தார். முனை கச்சிதமாக உட்கார்ந்தது. லேப்டாப்புக்கு வேண்டியது பத்தொன்பது வோல்ட். இவர் கொடுத்தது இருபத்துநாலு. கருகல் வாடை வந்த பிறகுதான் எழுத்தைப் பார்த்தார். அவளுடைய இரண்டு வருட ஆய்வு அதற்குள்தான் இருந்தது. எந்தக் கடைக்காரராலும் மீட்டுத்தர முடியவில்லை.

"பரவாயில்லப்பா" என்றாள் மகள். அதோடு சரி. வாய்விட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். அவளோ முதலிலிருந்து மறுபடி எழுதி முடித்தாள். அதன்பிறகு பல்பு ஃப்யூஸ் போனாலும் அப்பாவைக் கூப்பிடுவதில்லை. தானே ஸ்டூல் போட்டு ஏறிவிடுகிறாள். அவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, பார்க்காதவர்போல உட்கார்ந்திருப்பார். பாவம், பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் சார்ஜரை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய வேலை பாதியில் நின்றது, பேட்டரி சிவப்பில். இவர் எதிர்வீட்டு டீச்சரிடம் போய் அடாப்டர் வாங்கிவந்தார். படித்தார். லேப்டாப்பைத் தூக்கி அதன் அடியையும் படித்தார்.

"வோல்ட் ஒண்ணுதாம்மா. ஆம்பியர் கொஞ்சம் கூட, அதனால ஒண்ணுமில்ல. பிளஸ் மைனஸும் சரியா இருக்கு" என்றவர், ஒயரை அவள் பக்கம் நீட்டினார். "நீயே சொருகிக்கோ. என் கை வேணாம்."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். செருகும் துளை அவர் பக்கம் வரும்படி லேப்டாப்பை மெல்லத் திருப்பிவைத்தாள்.