கழுவாத ஜாடி

காட்டாங்குளத்தூர் கல்லூரி ஆய்வகத்தில் நான்கு வருடம் நான் செய்தது ஒரே வேலைதான். டங்ஸ்டன் கார்பைடு தூளையும் கோபால்ட் தூளையும் ஜாடியில் போட்டு அரைப்பேன், அழுத்துவேன், உலையில் சுடுவேன். இரும்பை வெட்டும் கருவிகளின் முனை இந்தப் பொருளால் ஆனது. சுடும்போது இதற்குள் இருக்கும் நுண்மணிகளில் சின்னது கரைந்து பெரியது கொழுக்கும். மணி பெருத்தால் கடினம் குறையும். அதனால் எல்லோரும் வனேடியம் என்ற உலோகத்தைத் துளி சேர்ப்பார்கள். அது மணிகளின் ஓரத்தில் போய் உட்கார்ந்து வளரவிடாமல் மறிக்கும். வனேடியமே இல்லாமல், சுடும் முறையை மட்டும் மாற்றி மணிகளைச் சின்னதாக வைத்துவிட்டேன் என்பது என் ஆய்வேடு. கொஞ்சம் திமிராகவே இருந்தேன்.

கணவரும் ஐந்து வயது மகளும் ஓசூரில், நான் சேலையூரில் ஒரு வாடகை அறையில். ஆய்வேட்டைக் கொடுத்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது, சம்பிரதாயத்துக்காக வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய என் துண்டின் சோதனை முடிவு வந்தது. அதில் வனேடியம் இருந்தது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. அதே ஜாடியில் இன்னொரு மாணவர் வனேடியம் சேர்த்த தூளை அரைத்துவந்தார். ஜாடி கைமாறும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒட்டியிருப்பது போக, வெறும் டங்ஸ்டன் கார்பைடு தூளை ஒரு ஈடு அரைத்துக் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய தூளைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அசிட்டோன் ஊற்றித் துடைத்ததோடு சரி.

உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சொன்னேன். "இன்னா மேடம், நாலு வருசமா அப்டியேவா ஓட்னீங்க? சரி வுடுங்க, இப்ப அரைச்சுக் கொட்டிப் பாத்துடலாம்," என்றார்.

அரைத்துக் கொட்டினோம். புதிதாக ஒரு துண்டு சுட்டோம். மைக்ரோஸ்கோப்பில் மணிகள் கண்டபடி பெருத்துக் கிடந்தன. அதுவரை அவற்றை மறித்தது என் முறை இல்லை, ஜாடியில் ஒட்டியிருந்த வனேடியம்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. படத்துக்குத் தேதி போட்டுச் சேமித்தேன்.

வழிகாட்டி சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். "முதல்லேர்ந்து பண்ணணும்மா. இன்னும் ஒரு வருஷம் ஆகும்," என்றார். தலையாட்டினேன். கேன்டீனில் தயிர்சாதம் வாங்கி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மாலை தாம்பரம் போகும் ரயிலிலிருந்து கணவருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். பிறகு, "பாப்பாகிட்ட நீயே சொல்லிடு," என்று அவளிடம் கொடுத்தார்.

"அம்மா இப்ப வர முடியாதுடா. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"சரிம்மா," என்றாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. போன வருடம் இதையே சொன்னபோது இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள்.