இடப்பக்கம் சரிந்த கோட்டு

வெஸ்ட்லியில் தையற்கடை வைத்திருக்கும் மரியரஞ்சனிக்கு வாய் சும்மா இருக்காது. ஒருவர் கால்சட்டை இடுப்பை விரிக்கக் கொடுத்தால், அவர் எத்தனை கிலோ ஏறினார் என்பது மாலைக்குள் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக் வரை போய்விடும். அப்படிப்பட்ட வாயிடம்தான் பிரியந்தினி போய் மாட்டிக்கொண்டாள். அதற்காக இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு மே மாதக் காலையில், மெல்லிய கோட்டு ஒன்றைக் கொண்டுபோய், உள்ளே இடப்பக்கம் ஒரு பை வைத்துத் தரச் சொல்லிக் கேட்டாள்.

“என்ன போடப் போறியள்? பாரம் தெரியாமல் நான் பை தைக்கிறேல்லை.”

“போன்தான், அன்ரி.”

“நீள அகலம் சொல்லுங்கோ.”

பிரியந்தினி சொன்ன அளவைக் கேட்டதும் மரியரஞ்சனியின் கை நின்றது. “இது போன் இல்லை, பிள்ளை.”

அவ்வளவுதான். பிரியந்தினி அழுதழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தூரத்து ஸ்தவாங்கரில் விட்டுவிட்டு வந்த கணவன் பேனாட் இங்கத்தைய முகவரியைக் கண்டுபிடித்துவிட்டான். கொல்லுவேன் என்று செய்தி அனுப்புகிறான். தற்காப்புக்கென்று அவள் கள்ளமாக வாங்கிய பிஸ்டல் ஒன்று வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மகள் மேரினுக்கு ஏழு வயது.

மரியரஞ்சனி கடைக்கதவைச் சாத்தினாள். பிஸ்டலின் பாரத்துக்குத் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை ஒரு துணிப்பையில் போட்டு, கோட்டின் உட்பக்கம் ஊசி குத்திப் பொருத்தி, அதை அவளுக்கே மாட்டிவிட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினாள். கோட்டு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

“எனக்குத் தெரியிறது அவனுக்குத் தெரியாமல் போகுமே? அவன் கிட்ட வந்தால் உன்னாலை சுடேலுமே?”

பிரியந்தினி இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்ப நீ உனக்காகக் கொண்டு திரியேல்லை. அவனுக்குத்தான் துவக்குச் சுமக்கிறாய்.”

கடையிலிருந்தே பொலிசுக்கு போன் எடுத்தார்கள். பொலிஸ்காரர் வந்து பிஸ்டலை எடுத்துப் போகும்வரை, மரியரஞ்சனி கழுத்தில் அளவுநாடாவோடு பிரியந்தினியின் வீட்டில் நின்றாள். தானாகவே ஒப்படைத்ததால் வழக்கு வரவில்லை. ஆபத்தென்றால் அழுத்துவதற்கு உள்ளங்கை அளவில் ஓர் அலாரக் கருவியும் கொடுத்தார்கள். ஊர்க்கதை எல்லாம் அளக்கிற அந்த வாயிலிருந்து இந்தக் கதை மட்டும் ஒருநாளும் வெளியே வரவில்லை. நன்றி சொல்லப் போனால், “சரி சரி, விசர்க்கதை கதையாதை, பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குடு” என்று விரட்டுவாள். பிரியந்தினிக்கோ அந்த விரட்டலைக் கேட்டாலே கண் கலங்கிவிடும்.

அந்த ஆகஸ்டில் பேனாட் வந்தேவிட்டான். மெட்ரோ நிலைய வாசலில், மேரினின் கண்முன்னே, பிரியந்தினியின் அதே மெல்லிய கோட்டை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தான். அவள் கருவியை அழுத்திக்கொண்டே கோட்டிலிருந்து தன்னை உருவிக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். பொலிஸ் வந்து சேர்ந்தபோது, வீட்டுத் திறப்புச் சாவியைத் தேடி அவன் அந்தக் கோட்டின் இடப்பக்கம் மரியரஞ்சனி பிறகு தைத்துக்கொடுத்த உட்பையைத் துழாவிக்கொண்டு நின்றான். அவன் கையில் அகப்பட்டது மேரின் பாதி தின்று வைத்த பிஸ்கற் மட்டும்தான்.